குடலுக்குள்ளே ஒரு கேம்பஸ்!

நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பார்த்ததும் பசி பறந்துபோய், வாட்ச்மேன் கண்ணுல படாம வெளியே நழுவி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில நாலு புரோட்டா, சால்னா, ஒரு ஆஃப் பாயில்... சரிதானே? தட்டு கழுவின தண்ணி என்ன கலர்ல இருந்துச்சுன்னு பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பீங்க. காலையில எழுந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி முதல் பீரியடுக்கும் போயிருப்பீங்க (போனீங்களா?).

ஒண்ணுமே நடக்கலைன்னு நீங்கதான் நினைக்கிறீங்க. உள்ளே ஒரு பெரிய கூட்டம் ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு டூட்டி பார்த்திருக்கு. உடம்பில் நோய் எதிர்ப்பு செல்கள் ஏராளமாகக் குவிந்திருக்கும் ஒரு முக்கியமான இடத்தைத்தான் சொல்றேன். எது தெரியுமா? ரத்தம் இல்லை, தொண்டை இல்லை. குடல்!

குடலின் உள்பக்கத்தை மடிப்பெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு வரும் என்று பல காலமாகப் பாடப் புத்தகங்களில் எழுதிக்கிட்டிருந்தாங்க. 2014-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ரெண்டு பேர் மறுபடி அளந்து பார்த்து, 'அவ்வளவு எல்லாம் கிடையாதுப்பா, சுமார் 32 சதுர மீட்டர்தான்' என்றார்கள். அதாவது, பாதி பேட்மின்டன் கோர்ட். பரவாயில்லை, அதுவே நம்ம தோலின் பரப்பைப் போல பதினைந்து மடங்குக்கு மேல்!

இந்தப் பாதி கோர்ட்டுக்கு எவ்வளவு கனமான சுவர் வேணும்? இருப்பதோ ஒரே ஒரு செல் தடிமன். அந்த செல்களும் மூணுலேர்ந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவை உதிர்ந்து புதுசா முளைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். அதோடு தினமும் மூணு வேளை வந்து கொட்டும் சோறு, பருப்பு, மீன், முட்டை. உடம்பைப் பொறுத்தவரை இது எல்லாமே 'வெளியாள்'தான்.

குடல் செல்களின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. டைபாய்டு கிருமி வந்தால் அடிக்கணும். இட்லி வந்தால் சும்மா விடணும். ஜீரணத்துக்கு ஒத்தாசை பண்ணும் பாக்டீரியாக்கள் இருக்காங்களே, அவங்களை வீட்டுக்குள்ளே வாடகைக்கு வெச்சுக்கணும், ஆனால் ஹாலைத் தாண்டி வர விடக் கூடாது. கொஞ்சம் அசந்தால் பேதி. கொஞ்சம் ஓவரா கோபப்பட்டால் 'க்ரோன்ஸ்', 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று தன் குடலைத் தானே புண்ணாக்கிக்கொள்ளும் வியாதிகள். உங்க வயசில்தான் இவை பலருக்கு முதன்முதலில் தலைகாட்டுகின்றன என்பதால், கொஞ்சம் கவனமாவே படிங்க.

கோழி சொன்ன சேதி

குடலுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள சொந்தம் எப்படித் தெரிய வந்தது என்பது ஒரு சூப்பர் கதை. ஹீரோ, உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்.

பறவைகளின் குடல் முடியும் இடத்தில், எச்சத் துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்னப் பை இருக்கும். இத்தாலியின் பதுவா நகரில் பாடம் நடத்திய ஃபேப்ரிசியஸ் அதைப் பற்றி எழுதி வைத்தார். 1621-ல், அவர் இறந்த பிறகு, அது அச்சில் வந்தது. அதற்கப்புறம் முந்நூறு வருஷத்துக்கு மேல் அது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. 1950-களில், அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த புரூஸ் க்ளிக், 'இந்தப் பை என்ன சார் பண்ணுது?' என்று புரொஃபசரிடம் கேட்டார். 'நல்ல கேள்வி, நீயே கண்டுபிடிச்சு சொல்லு' என்கிற ரீதியில் பதில் வந்ததாம் (எல்லா ஊர் புரொஃபசரும் ஒரே மாதிரிதான் போல). க்ளிக்கும் கோழிக் குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். கோழி நல்லா தின்னுச்சு, நல்லா வளர்ந்துச்சு. ஒரு வித்தியாசமும் இல்லை. ஊத்திக்கிச்சு!

அந்த நேரம் பார்த்து, கூடப் படித்த டிமோதி சாங் என்பவருக்கு கிளாஸில் ஒரு டெமோ காட்டக் கோழி தேவைப்பட்டது. சால்மொனெல்லா கிருமியைச் செலுத்தினால் ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகும் என்று ஜூனியர்களுக்குக் காட்டணும், அவ்வளவுதான். க்ளிக்கிடம் இருந்த கோழிகளைக் கடன் வாங்கினார். டெமோ அப்படியே சொதப்பியது. பல கோழிகளில் ஆன்டிபாடி வரவே இல்லை. யார் யார் என்று பார்த்தால்... எல்லாம் பை எடுத்த கோழிகள்!

ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரையைப் பெரிய பத்திரிகையான 'சயின்ஸ்' திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் 1956-ல் கோழி வளர்ப்போர் படிக்கும் 'பௌல்ட்ரி சயின்ஸ்' பத்திரிகையில் வந்தது. ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களுக்கு 'பி செல்' என்று பெயர் வந்ததே அந்தப் பையின் லத்தீன் பெயரான 'பர்சா'வின் முதல் எழுத்தை வைத்துத்தான். மேக்ஸ் கூப்பர் 1965-ல் இதைத் தெளிவாக நிரூபித்தார். அவருக்கும், 'டி செல்' பக்கத்தைத் திறந்து காட்டிய ஜாக் மில்லருக்கும் 2019-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. டெமோ சொதப்பினால் இனிமேல் கவலைப்படாதீங்க, ரெக்கார்டு நோட்டுல உள்ளதை உள்ளபடி எழுதி வைங்க.

நமக்கு அந்தப் பை கிடையாது. நம்ம பி செல்கள் எலும்பு மஜ்ஜையிலேயே தேறி வருகின்றன. ஆனால் குடலோடு உள்ள உறவு விட்டுப் போகவில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 'பேயர் திட்டுகள்' என்று சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். 1677-ல் பேயர் என்ற ஸ்விஸ் டாக்டர் விவரித்தது. அங்கே பி செல்கள் பயிற்சி பெற்று, 'ஐ.ஜி.ஏ.' என்ற ஆன்டிபாடியை ஊற்றும் தொழிற்சாலைகளாக மாறுகின்றன. ஒரு நாளைக்குப் பல கிராம்! உடம்பில் உருவாகும் மற்ற ஆன்டிபாடி எல்லாத்தையும் சேர்த்தாலும் இந்த அளவுக்கு வராது. ஐ.ஜி.ஏ. ஆரவாரமில்லாத பார்ட்டி. கிருமியைக் கட்டிப் பிடித்து, சுவரை நெருங்க விடாமல் அப்படியே வெளியே அனுப்பிவிடும். சண்டை, சத்தம், வீக்கம் எதுவும் இருக்காது.

அரியர் வெச்சவங்களுக்கும் போஸ்டிங்!

அடுத்து டி செல்கள். இவங்க படிக்கும் காலேஜ், நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ். உலகத்திலேயே மோசமான பாஸ் பர்சன்டேஜ் இங்கேதான். நுழைகிற நூறு பேரில் அஞ்சு பேர்கூடத் தேறுவதில்லை. சொந்த உடம்பின் புரதத்தைப் பார்த்துக் கொதிக்கிற செல்லா? டி.சி. எல்லாம் கிடையாது, நேரா மரணம்தான்.

ஆனால் அதிலும் சில கில்லாடிகள் தப்பிக்கிறார்கள். சொந்தப் புரதத்தைப் பார்த்துக் கொதித்த குற்றத்துக்குச் செத்திருக்க வேண்டிய செல்களில் ஒரு சிறு பகுதியை, தைமஸ் வேறு ரூட்டில் திருப்பி விடுகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் போஸ்டிங் குடல் சுவர். அங்கே போய் சுவர் செல்களின் இடுக்கில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கூடவே 'காமா-டெல்டா' என்று இன்னொரு கோஷ்டி. சாதாரண டி செல்லின் மூக்கு 'ஆல்பா', 'பீட்டா' என்ற ரெண்டு துண்டால் ஆனது. 1984-ல் நோபல் விஞ்ஞானி சுசுமு டோனேகாவாவின் லேபில் ஆல்பா ஜீனைத் தேடிக்கொண்டிருந்தபோது கையில் மாட்டியதுதான் காமா ஜீன். தேடியது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு. அதிலிருந்து பிறந்ததுதான் காமா-டெல்டா என்ற தனி ஜாதி டி செல்லின் கதை.

சிறுகுடலில் ஏறக்குறைய பத்து சுவர் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த இடுக்குக் காவலர்கள் இருக்கிறார்கள். பெருங்குடலில் ரொம்பக் கம்மி. சுண்டெலிகளில் காமா-டெல்டா செல்கள் ஒளிரும்படி செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, சும்மா குந்தியிருக்கவில்லை. ஒரு இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்கு ரோந்து போய்க்கொண்டே இருந்தன!

இந்தக் காவலர்களில் ரெண்டு பேட்ச் உண்டு. பிறக்கும் சமயத்திலேயே வந்து சேர்ந்த 'இயற்கை' பேட்ச் ஒண்ணு. வாழ்க்கையில் கிருமிகளைச் சந்தித்து, அடிபட்டுத் தேறி, அப்புறம் குடலுக்கு வந்து சேரும் பேட்ச் இன்னொண்ணு. குழந்தையில் முதல் பேட்ச் அதிகம். வயசு ஏற ஏற இரண்டாவது பேட்ச் கூடிக்கொண்டே போகும். அதாவது, உங்க குடல் சுவரில் நீங்க இதுவரை தின்ன தெருக்கடைகளின் வரலாறே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. முட்டைக்கோஸ், பிராக்கோலி வகையறாவில் இருந்து வரும் சில பொருட்கள் இல்லாத தீனியைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, இந்த இடுக்குக் காவலர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அந்தப் பொருளைச் சேர்த்ததும் மீண்டார்கள். இது 2011-ல் வந்த ஆய்வு. எலிக்குப் பொருந்தியது அப்படியே மனுஷனுக்குப் பொருந்தும் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் மெஸ்ஸில் வைக்கிற முட்டைக்கோஸ் பொரியலை இனிமேல் தட்டு ஓரத்தில் ஒதுக்கும்போது ஒரு நிமிஷம் யோசிங்க.

அட்ரஸ் எழுதிக் கொடுப்பது யார்?

நியாயமான ஒரு டவுட் வரணும் உங்களுக்கு. பயிற்சி பெற்ற டி செல் ரத்தத்தில் மிதந்துகொண்டு போகுது. அது மூளைக்குப் போகாமல், தோலுக்குப் போகாமல், கரெக்டா குடலில் இறங்குவது எப்படி?

பதில்: வைட்டமின் ஏ! குடல் பக்கத்தில் பாடம் நடத்தும் 'டென்ட்ரிடிக்' செல்கள், வைட்டமின் ஏ-வை 'ரெட்டினாயிக் அமில'மாக மாற்றுகின்றன. அதைக் குடித்த டி செல்லின் மேல் 'ஆல்பா-4 பீட்டா-7' என்ற கொக்கி முளைக்கிறது. குடலின் ரத்தக் குழாய்களில் மட்டும் அந்தக் கொக்கிக்கு ஏத்த வளையம் இருக்கும். வந்து மாட்டும், இறங்கும். 2004-ல் ஜப்பானின் மகோட்டோ இவாட்டாவும் கூட்டாளிகளும் இதைக் காட்டினார்கள். வைட்டமின் ஏ இல்லாமல் வளர்ந்த எலிகளின் குடலில் டி செல்கள் ஏகத்துக்குக் குறைந்திருந்தன.

முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி எல்லாம் கண்ணுக்கு நல்லதுன்னு அம்மா சொல்லியிருப்பாங்க. குடலுக்கு அட்ரஸ் எழுதும் மை அதில்தான் இருக்குன்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

நம்ம ஊர் சேதி ஒண்ணும் இங்கே சொல்லியாகணும். திருச்சி மாவட்டத்தில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளிடம் வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது. 1990-ல் வெளியான அதன் முடிவு: வைட்டமின் பெற்ற குழந்தைகளில் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது! அதற்கப்புறம் உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து நடந்து, 2013-ல் வெளியான ஆய்வில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. ஏற்கெனவே எவ்வளவு பற்றாக்குறை, எவ்வளவு தொற்று என்பதைப் பொறுத்துப் பலன் மாறும் போலிருக்கிறது. குடல் செல்லின் கொக்கிக்கும் இந்த இறப்புக் கணக்குக்கும் நேர்கோடு போடுவது அவசரம். ஆனால் அந்தத் திருச்சிக் குழந்தைகளை நினைத்துக்கொண்டு இவாட்டாவின் கட்டுரையைப் படித்தால் சும்மா இருக்க முடியலை.

இந்தக் கொக்கி ரகசியம் மருந்தாகவும் மாறிவிட்டது. 'வெடோலிசுமாப்' என்ற மருந்து அந்தக் கொக்கியை மூடிவிடும். கோபக்கார செல்கள் குடலில் இறங்க முடியாமல் ரத்தத்திலேயே சுற்றும். க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடம்பு முழுக்க எதிர்ப்பு சக்தியை அமுக்காமல், ஒரே ஒரு ஸ்டாப்பில் மட்டும் பஸ்ஸை நிறுத்தாமல் விடுகிற ஐடியா!

எலிக்கடை மர்மம்

எல்லாரும் பிறவியிலேயே ஒரே மாதிரி படையோடு வருவதில்லை. யாரோடு வளர்கிறோம் என்பதும் படையைத் தீர்மானிக்கும். இதைக் கண்டுபிடித்த விதம் கிட்டத்தட்ட துப்பறியும் கதை.

நியூயார்க்கில் டான் லிட்மேனின் லேப். 'டி.ஹெச்.17' என்று ஒரு வகை டி செல் உண்டு. கிருமி தாக்கினால் சுவரை பலப்படுத்தி, ஆள் படையைக் கூப்பிடும் ஆசாமி. இவர் மிஞ்சினால் வீக்க நோய். ஒரே வம்சத்து எலிகள்தான். ஆனால் டகோனிக் நிறுவனத்திலிருந்து வாங்கிய எலிகளின் சிறுகுடலில் இந்த செல்கள் ஏராளம், ஜாக்சன் லேபிலிருந்து வந்த எலிகளில் காணோம்! ஜீன் ஒண்ணு, தீனி ஒண்ணு. அப்புறம் ஏன்?

ரெண்டு கடை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகளுக்கு அடுத்தவர் புழுக்கையைத் தின்னும் பழக்கம் உண்டு (முகம் சுளிக்காதீங்க, விஞ்ஞானத்துக்கு அது பெரிய உதவி). கொஞ்ச நாளில் ஜாக்சன் எலிகளிலும் டி.ஹெச்.17 முளைத்துவிட்டது. குற்றவாளி ஒரே ஒரு பாக்டீரியா. நீள நூல் மாதிரி இருக்கும், சிறுகுடல் சுவரில் ஊசி குத்தினாற்போல ஒட்டிக்கொள்ளும். 2009-ல் அதை அடையாளம் கண்டார்கள். 2011-ல் ஜப்பானின் கென்யா ஹோண்டா குழு இதற்கு நேர் எதிரான சேதியைச் சொன்னது. பெருங்குடலில் வாழும் 'க்ளாஸ்ட்ரிடியா' கூட்டத்து பாக்டீரியாக்கள், சண்டையை அடக்கும் 'டி-ரெக்' என்ற சமாதான செல்களை வளர்க்கின்றன! அவை நார்ச்சத்தைத் தின்று கக்கும் 'பியூட்டிரேட்' என்ற அமிலத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று 2013-ல் தெரிந்தது. உசுப்பேத்துகிற வாடகைக்காரர் ஒரு பக்கம், கூல் பண்ணுகிற வாடகைக்காரர் இன்னொரு பக்கம்.

அதுவும் எப்ப வேணா வந்து கத்துக்கொடுத்தால் போதும் என்று இல்லை. அட்மிஷனுக்குக் கடைசித் தேதி இருக்கு! தாய்ப்பாலை விட்டு மற்ற தீனிக்கு மாறும் வாரங்களில், எலிக் குட்டியின் குடலில் பாக்டீரியா பெருகும்போது ஒரு பெரிய சலசலப்பு எழுகிறது. அந்தச் சலசலப்பு நடக்காமல் ஆன்டிபயாடிக் கொடுத்துத் தடுத்தால், பெரிசானதும் குடல் வீக்கம் எளிதாக வருகிறது. அப்புறமாக பாக்டீரியாவைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. இது 2019-ல் பிரான்ஸில் செய்த ஆய்வு.

லேசா வயிறு கலக்கினாலே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, 'அண்ணா, லூஸ் மோஷனுக்கு மாத்திரை' என்று கேட்டு, அவர் சீட்டே இல்லாமல் வெட்டிக் கொடுக்கும் நாலு ஆன்டிபயாடிக்கில் ரெண்டை முழுங்கிவிட்டு மீதியை ரூம்மேட்டுக்குத் தானம் பண்ணுகிற வள்ளல்களே... பேதிக்கு முதல் மருந்து உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். தண்ணீர்தான். காய்ச்சல், ரத்தம் என்றால் டாக்டர். உங்களுக்கு ரெண்டு நாள் கூத்து. அதே பழக்கத்தில் வீட்டிலிருக்கும் அக்கா குழந்தைக்கும் அரை மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுக்கிறீங்களே, அதுதான் வயித்தைக் கலக்குது.

குடலின் துப்புரவுத் தொழிலாளர்களான 'மேக்ரோஃபேஜ்' செல்களும் இந்தப் பருவத்தில்தான் ஆள் மாறுகிறார்கள். மூளையில் கருவிலேயே குடியேறின மேக்ரோஃபேஜ்களே ஆயுசுக்கும் இருக்கும். எலிகளின் குடலில் அப்படி இல்லை. பிறந்து சில வாரங்களில் பழைய ஆட்களில் பெரும்பாலோர் போய், ரத்தத்திலிருந்து புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சாப்பிட்ட பாக்டீரியாவைப் பற்றி ஊரைக் கூட்டாமல் கமுக்கமாக ஜீரணிக்க, குடல்தான் அவர்களுக்குக் கற்றுத் தரும். நரம்புகள் பக்கம் மட்டும் சில பழைய ஆட்கள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறார்கள். அவர்களை நீக்கினால் குடலின் அசைவே மந்தமாகிவிடும் என்று 2018-ல் தெரிய வந்தது.

வேலூரில் ஒரு புதிர்

இப்ப உங்க சொந்தக் கதைக்கு வருவோம். சின்ன வயசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தூக்கிக்கிட்டுப் போய், வாயைத் திறக்க வெச்சு ரெண்டு சொட்டு விட்டு, விரல்ல மை வெச்சு அனுப்பினாங்களே, ஞாபகம் இல்லாட்டி அம்மாகிட்ட கேளுங்க. போலியோ சொட்டு. வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது நேரா உங்க குடலுக்குப் போய், இதுவரை நாம பார்த்த அத்தனை பேருக்கும் கிளாஸ் எடுத்தது.

ஆனால் 1970-களில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜான் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டார். மேலை நாட்டில் மூணு தவணையில் பாடம் படித்துவிடும் குழந்தைகள் போல, வேலூர்க் குழந்தைகள் படிக்கவில்லை. அதே மருந்து, அதே சொட்டு, ஆன்டிபாடி மட்டும் பலருக்கு வரவில்லை. பின்னாளில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் இதே கதை. நம்ம நாட்டிலேயே உருவான 'ரோட்டாவாக்' டெல்லி, புனே, வேலூரில் சோதிக்கப்பட்டு 2014-ல் அனுமதி பெற்றது. கடுமையான ரோட்டா பேதியை அது தடுத்தது ஐம்பத்தைந்து சதவீதம் அளவுக்கு. பணக்கார நாடுகளில் ரோட்டா சொட்டுகள் காட்டும் பலன் இதைவிட நிறைய அதிகம். அதற்காக இது வேஸ்ட் என்று அர்த்தமில்லை. நோய் அதிகமுள்ள நாட்டில் பாதியைத் தடுத்தாலே லட்சக்கணக்கில் ஆஸ்பத்திரி அட்மிஷன் மிச்சம்.

ஏன் இப்படி? அசுத்தமான தண்ணீரால் பிறந்ததிலிருந்தே ஓயாமல் வரும் கிருமிகள், அதனால் லேசாக வீங்கியே இருக்கும் குடல் சுவர், ஏற்கெனவே உள்ளே இருக்கும் வேறு வைரஸ்கள், தாய்ப்பாலில் வரும் ஆன்டிபாடி, சத்துக் குறைவு என்று நிறைய சந்தேகப் பட்டியல் உண்டு. ஒருத்தரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இன்னும் முடியவில்லை. இந்தியா என்ன பண்ணியது? திரும்பத் திரும்பச் சொட்டு கொடுத்தது. 1995-லிருந்து வருஷா வருஷம், வீடு வீடாக, ரயில் ரயிலாக. கடைசியாக 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததோடு காட்டு வைரஸ் போலியோ நின்றது. 2014 மார்ச்சில் சான்றிதழும் கிடைத்தது.

அதே வருஷம் வேலூரிலிருந்து இன்னொரு ஆய்வு வெளியானது. ஏற்கெனவே சொட்டு மருந்து பலமுறை குடித்திருந்த 450 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஒரு போலியோ ஊசி, மீதிப் பேருக்கு ஊசி இல்லை. ஒரு மாசம் கழித்து எல்லாருக்கும் சொட்டு கொடுத்து, மலத்தில் எவ்வளவு பேருக்கு வைரஸ் வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். பொதுவாக ஊசி ரத்தத்துக்குத்தான் பாடம் நடத்தும், தனியாகக் கொடுத்தால் குடலுக்கு அவ்வளவாக ஒண்ணும் சொல்லித் தராது. ஆனால் இந்தக் குழந்தைகளில் ஊசி போட்டவர்களிடம் வைரஸ் வெளியேறுவது கணிசமாகக் குறைந்தது!

கையில் குத்தின ஊசி குடலை எப்படித் தொட்டது? சொட்டு குடித்த காலத்திலேயே 'குடல்' என்று அட்ரஸ் எழுதிக்கொண்ட ஞாபக செல்கள் உடம்பில் தூங்கிக்கொண்டிருந்தன, ஊசி அவர்களைத் தட்டி எழுப்ப, கொக்கியோடு கிளம்பி பழைய கேம்பஸுக்கே திரும்பிவிட்டார்கள் என்றுதான் இதை விளக்குகிறார்கள். முதலில் ஊசி மட்டும் போட்டிருந்தால், எழுப்ப அங்கே ஆள் இருந்திருக்காது.

2015 நவம்பரிலிருந்து நம்ம நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ ஊசியும் சேர்ந்திருக்கிறது. இந்த வாரம் ஊருக்குப் போனால், வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதன் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்க. சொட்டுக்குத் தனி வரிசை, ஊசிக்குத் தனி வரிசை இருக்கும். ரெண்டிலும் தேதி போட்டிருக்கா?